வழுவாது செலுத்துதல்: திருச்சுழியல் பதிகமும் கணிப்பொறி வழக்கும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, தேவாரத்துள் திருச்சுழியல் எனப் போற்றப்படும் பாண்டிநாட்டுத் தலம். சுந்தரர் இதன்மேற் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 82ஆம் பதிகமாக நிற்கிறது. அதன் இறுதிப் பாடலில் இரண்டு செய்திகள் உள. பாடியவர் ஆரூரர் என்பது ஒன்று. பாடிய தமிழ்மாலை பத்து என்பது மற்றொன்று. பதிகப் பயன் கூறும் திருக்கடைக்காப்பு என்று இப்பாடலைக் கொள்வது மரபு. அம்மரபினை மறுத்தல் எம் நோக்கமன்று. ஆயினும், ஓதியவர் வாயினும் எழுதியவர் ஏட்டினும் பல நூற்றாண்டு பயணம் செய்யவேண்டிய ஒரு தொகுதி, தன் தொகையைத் தானே சொல்லிக்கொண்டு செல்கிறது என்னும் உண்மையை ஈண்டு வேறொரு துறையோடு வைத்து ஆராய விரும்புகின்றோம். அத்துறை, கணிப்பொறிகள் தம்முள் செய்தியை வழுவாது செலுத்திக்கொள்ளும் முறை.

முன்னோர் கணிப்பொறி அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் எம் கருத்தன்று. அத்தகைய பேச்சு ஆராய்ச்சிக்குப் பகை. ஆனால் இடர் ஒன்றாயின் அதனை நீக்கும் வழியும் ஒருபுடை ஒத்திருத்தல் இயல்பு. மறதி, செல், கறையான், கண்ணயர்வு என்பன ஏட்டுக்குப் பகை. மின்னதிர்வும் கம்பியின் பழுதும் நினைவகத்தின் பிழையும் கணிப்பொறிக்குப் பகை. பகையை அறவே ஒழித்தல் இருதிறத்தார்க்கும் இயலாததாயிற்று. பிழை நேர்ந்தால் நேர்ந்தது என்று அறிவதற்கும், கூடுமாயின் திருத்துவதற்குமே இருவரும் வழி கண்டனர்.

தொகை கூறுதல் அவ்வழிகளுள் மிக எளியது. தந்தித்துறையினர் இதனை நன்கு அறிவர். தந்தியின் தலைப்பில் அதன் சொற்களின் எண்ணிக்கை முதற்கண் அனுப்பப்படும். பெறுவோர் எண்ணிப் பார்த்துக் குறைந்தால் மீண்டும் கேட்பர். பொருள் மிக்க செய்தியாயின் கூடுதற் கட்டணம் பெற்றுக்கொண்டு முழுவதையும் திருப்பிச் சொல்லி ஒப்பிடும் வழக்கமும் இருந்தது. இந்தியாவில் 1850களில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தொண்டு 2013 சூலைத் திங்களில் முடிவுற்றது.

தொகை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சங்கநூல்களைப் பதிப்பித்த வரலாற்றிலிருந்து அறியலாம். பதிற்றுப்பத்து எனும் பெயரே பத்துப்பத்து உண்டு என்கிறது, கிடைத்தவை எட்டு. முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும், புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும், நற்றிணையில் 234ஆம் பாடலும் மறைந்தன. இழந்தோம் என்று நாம் அறிவது தொகையால். இழந்ததை மீட்கத் தொகையால் இயலவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது எட்டுப் பத்துக்களையே தரமுடிந்தது. பெயர் மட்டும் பத்துப்பத்து என்றே நிற்கிறது.

சம்பந்தர் பதிகங்களில் இதனினும் நுண்ணிய ஏற்பாடு ஒன்றுண்டு. அவற்றுட் பெரும்பாலனவற்றில் எட்டாம் பாடல் இராவணனையும், ஒன்பதாம் பாடல் அயனும் மாலும் தேடியதையும், பத்தாம் பாடல் சமண பௌத்தரையும் கூற, பதினோராம் பாடல் கடைக்காப்பாகும். ஆகவே இறுதி நான்கும் இடம் அறியப்பட்டவை. அவற்றுள் ஒன்று மறைந்தால் இன்னது மறைந்தது என உறுதியாகச் சொல்லலாம். முன்னுள்ள ஏழிலோ அவ்வாறு சொல்ல இயலாது. சில பதிகங்களில் ஏழாம் பாடல் சிதைந்ததென்று பதிப்புக்கள் குறிக்கின்றன. உண்மையில் ஏழாவதே சிதைந்ததோ, மூன்றாவதோ ஐந்தாவதோ சிதைய எஞ்சியவை முன்னேறி நின்றனவோ, யாரறிவார்? அடையாளமில்லாத இடத்தில் நேர்ந்த இழப்பைப் பதிப்பாசிரியர் கடைசி இடத்தின்மேல் ஏற்றினர் எனக் கொள்ளுதலே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

வரிசை மாறினால் தொகை அதனைக் காட்டாது. மூன்றாம் பாடலும் ஆறாம் பாடலும் இடம் மாறினும் பத்து பத்தேயாம். வரிசையைக் காப்பது அந்தாதி. முன்னதன் ஈறு பின்னதன் முதலாய் வருதலின், இடையில் ஒன்று வீழ்ந்தாலும் இடம் மாறினாலும் தொடர் அறுந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு தொடுக்கப்பட்டது. 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி முற்றும் இவ்வாறே சென்று, இறுதி முதலோடு மண்டலித்து முடிகிறது. தலையும் வாலும் பொருந்துதலின் கடைசிப் பாசுரம் கழன்றாலும் தெரிந்துவிடும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1969 அக்டோபர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக் கணிப்பொறிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பப் புகுந்தனர். ஒவ்வோர் எழுத்தையும் அடித்துவிட்டு, வந்ததா என்று தொலைபேசியிற் கேட்டனர். முதலெழுத்து வந்தது என்றனர். இரண்டாவதும் வந்தது என்றனர். மூன்றாவதில் எதிர்முனைப் பொறி நின்றுபோயிற்று. வரலாற்று நூல்களில் இது வேடிக்கைச் செய்தியாகவே கூறப்பெறும். எம் பொருளுக்கு வேண்டுவது அத்தொலைபேசி உரையாடல். 'வந்ததா', 'வந்தது' என்னும் வினாவும் விடையுமே பின்னர்ப் பொறிகளின் வழக்காகச் சமைந்தன.

வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவரும் 1974இல் வகுத்து, 1981இல் நிலைபெற்ற வடிவில் வெளியிடப்பட்டு, 1983 சனவரி முதல் நாளில் அவ்வலைப்பின்னல் முழுமைக்கும் நடைமுறையான டி.சி.பி. என்னும் நெறி, இன்றும் உலகெங்கும் இயங்குகிறது. அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பொதியும் தன் முதற்பைட்டின் வரிசை எண்ணைத் தாங்கிச் செல்லும். பொதிகள் வெவ்வேறு வழியே சென்று முன்பின்னாகச் சேரலாம். சில வழியிலேயே மாளலாம். பெறுவோன் வரிசைப்படுத்திக்கொண்டு, தனக்கு அடுத்து வேண்டுவது இன்ன எண் என்று மறுமொழி விடுப்பான். ஒரு பொதி முடிந்த எண்ணின் அடுத்த எண்ணே பின்வரும் பொதியின் தொடக்கமாதலின், இது முழுதும் அந்தாதித் தொடையாகும். எண் தொடரவில்லையாயின் இடையிற் குறையுண்டு என்பது பெறுவோனுக்குப் புலனாகும். அனுப்பியவனோ, மறுமொழி வரும்வரை தன்பாலுள்ள படியை அழிப்பதில்லை. குறித்த காலத்துள் மறுமொழி வாராதாயின் அப்படியிலிருந்து மீண்டும் அனுப்புவான்.

இறுதியிற் கூறிய இதுதான் ஏட்டுமரபுக்கும் பொறிமரபுக்கும் உள்ள தலையாய வேறுபாடு. ஆரூரரை மீண்டும் பாடச் சொல்லிக் கேட்க நம்மால் இயலாது. ஏட்டுச்சுவடி ஒருவழிப் பயணம் செய்வது. கேட்போர் குறை கண்ட காலத்தில் அனுப்பினோர் இல்லை. அவர் வைத்திருந்த மூலப்படியும் இல்லை. ஒருவழிப் பயணத்தில் பிழையைக் காண்பதோடு திருத்தவும் வேண்டுமாயின், திருத்தத்துக்குரிய கருவியையும் செய்திக்குள்ளேயே வைத்தனுப்ப வேண்டும்.

ரிச்சர்டு ஹாமிங் 1950இல் வெளியிட்ட கட்டுரை இதனையே செய்தது. அவர் பெல் ஆய்வகத்தில் வார இறுதியில் இயங்கவிட்ட கணக்குகளைப் பொறி பிழை கண்டதும் கைவிட்டு நின்றுவிடும். பிழையுண்டு என்று காணவல்ல பொறி, எங்கே என்று கண்டு திருத்தலாகாதோ என்பது அவர் கேட்ட கேள்வி. நான்கு குறிகளுக்கு மூன்று காவற்குறிகளைச் சேர்த்து, ஒவ்வொரு காவலும் அந்நான்கனுள் வெவ்வேறு மூன்றைக் காக்குமாறு அமைத்தார். எந்தெந்தக் காவல் முறையிடுகிறது என்பதைக்கொண்டு பிழைபட்ட இடம் இன்னதெனத் தெளியலாம். குறி என்பது ஒன்று அல்லது சுழியாதலின், இடம் தெரிந்தால் திருத்தமும் தெரிந்ததாம்.

எதுகைத் தொடை இதனோடு ஒப்பிடத்தக்கது. நான்கடியினும் இரண்டாமெழுத்து ஒன்றி வருமிடத்தில், ஓரடியின் எழுத்தை ஏடெழுதுவோன் பிழைத்தெழுதினால் ஏனை மூன்றும் அவன் பிழைக்குச் சான்றாகும். சரியான எழுத்து இன்னதென்பதையும் சொல்லும். மோனையும் சீரும் தளையும் தத்தம் அளவில் இவ்வாறே காப்பன. பாடங்களைத் தெளிந்த பதிப்பாசிரியர்கள் யாப்பைத் துணைக்கொண்டமை யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒன்று கூறவேண்டும். ஹாமிங்கின் முறை ஓரிடத்துப் பிழையைத் திருத்தும். இரண்டிடத்திற் பிழை நேர்ந்தால் மூன்றாவதோர் இடத்தைப் பிழையென்று மயங்கித் திருத்தி, உள்ளதையும் கெடுக்கும். எதுகைக்காகச் சொல்லை மாற்றி ஏட்டின் நல்ல பாடத்தைக் கெடுத்தாரும் நம்முள் இலர் அல்லர். தொடை சிதையாமல் சொல் மாறுமாயின், எந்தக் காவலும் குரல் கொடாது.

டி.சி.பி. நெறியிற் பொதிதோறும் வைக்கப்படும் சரிபார்ப்புத் தொகைக்கும் இக்குறை உண்டு. பொதியின் குறிகளைப் பதினாறு பதினாறாகப் பகுத்துக் கூட்டிய தொகை அது. ஓர் எண் மாறினால் தொகை மாறும். இரண்டு பகுதிகள் தம்முள் இடம் மாறினாலோ, கூட்டுத்தொகை மாறாதாதலின் பிழை மறைந்து நிற்கும். வெஸ்லி பீட்டர்சன் 1961இல் விளக்கிய சுழல்முறைச் சரிபார்ப்பு, இடத்தையும் கணக்கிற் கொள்வது. கம்பிவழிப் பிழைகளைப் பிடிப்பதில் இதனினும் வலியது.

காவல் வலியதாயின் மட்டும் போதுமோ? சால்ட்சர், ரீடு, கிளார்க்கு என்னும் மூவர் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. வலைப்பின்னல்களை இணைத்து நின்ற இடைநிலைப் பொறி ஒன்று, உள்வாங்கிய குறிகளைத் தன்னுள் பெயர்த்தெழுதும்போது பத்து இலட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறையளவில் இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவந்தது. கம்பிதோறும் சரிபார்ப்பு இருந்தது. பிழை நேர்ந்ததோ பொறியின் வயிற்றுக்குள். வந்தது சரி என்று சான்றளித்து வாங்கி, கெடுத்து, கெட்டதற்குப் புதிய சான்றளித்து அனுப்பிற்று. நிரல்கள் பல இவ்வாறு கெட்டன. உரியவர்கள் பழைய அச்சுப்படிகளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தினர். உத்தமதானபுரத்துப் பெரியவர் செய்த வேலையை மாசசூசெட்ஸ் பொறியியலாரும் செய்ய நேர்ந்தது.

அம்மூவர் கண்ட முடிவு, இடைவழிக் காவல் எத்துணை இருப்பினும் இறுதிச் சோதனை இரு முனையத்தாராலேயே செய்யப்படவேண்டும் என்பது. இதனைத் திருச்சுழி வட்டாரத்து உழவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மழையையே நம்பிய இக்கரிசல் நாட்டில் ஒரு கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்கு நீர் செல்லும். மடைதோறும் நீர்பாய்ச்சி நின்று பார்த்தாலும், கடைமடை வயலுக்கு நீர் வந்ததா என்பதை அவ்வயலுக்கு உரியவன் சென்று காணவேண்டும். மேல்மடையில் திறந்தேன் என்பது கீழ்மடையில் பாய்ந்தது ஆகாது.

இதுகாறும் கூறியது குறிகளைப் பற்றியது. குறி வேறு, எழுத்து வேறு. தமிழுக்கு நேர்ந்த இடர்ப்பாடு பெரிதும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஏட்டில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒருவடிவாய் நின்றன. ஏடெழுதுவோன் தான் கண்ட வரியை ஒரு கீற்றும் பிறழாது பெயர்த்தெழுதினும், படிப்போன் தடுமாறுவான். பெயர்த்தலிற் பிழையில்லை, எழுத்துமுறையே இருபொருட்கு இடந்தந்தது.

1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறை ஏழு பிட்டுகளால் 128 இடங்களைக் கொண்டது, ஆங்கிலத்துக்கு அமைந்தது. தமிழைக் கணிப்பொறியில் எழுதியோர் இருவழிகளை மேற்கொண்டனர். ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை அமர்த்தியது ஒருவழி. ஈழத்தமிழரிடைப் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு அத்தகையது. அதில் எழுதிய 'அம்மா' என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தோன்றும். காண்பதற்கு அலங்கோலமேயாயினும் ஒன்றும் இழக்கப்படவில்லை. எழுத்துருவை இட்டதும் 'அம்மா' மீளும். எட்டாவது பிட்டையும் பயன்படுத்தி மேலும் 128 இடங்களைக் கொண்டது மற்றொரு வழி. இஃது அழகிது, ஆனால் வழியில் ஆபத்துண்டு. 1982ஆம் ஆண்டின் மின்னஞ்சல் நெறி ஏழு பிட்டுக்கே உறுதி தந்தது. எட்டாவதைத் துடைத்துவிடும் இடைப்பொறிகள் இருந்தன. துடைக்கப்பட்டால் இருவேறு எழுத்துக்கள் ஒன்றாய்விடும். பின் பிரிக்க வழியில்லை. ஏட்டுப் புள்ளியின் கதை மீண்டும் வந்தது. 1992இல் வந்த மைம் என்னும் நெறி, மூன்று பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாகிய நான்கு குறிகளாக மாற்றிக் கட்டியனுப்பும் வழியைத் தந்து இதனை நீக்கிற்று.

ஆயினும் எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை என்னும் நிலை நீடித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டினை ஏற்றது. அதற்குமுன்பே உலகெங்கும் பரந்த தமிழார்வலர் கூடி டிஸ்கி முறையை உருவாக்கினர். 1998இல் தொடங்கிய மதுரைத்திட்டம் தன் நூல்களை அம்முறையில் வழங்கிப் பின் ஒருங்குகுறிக்கு மாற்றிற்று. 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிய ஒருங்குகுறியைத் தமிழக அரசு 2010இல் தரமாக ஏற்றது. ஒருங்குகுறியை அனுப்ப 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்.-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட்டுகளாகச் செல்லும். அவற்றுள் முதற்பைட்டு, தன்னோடு சேர்ந்தவை மூன்று என்று கூறிக்கொண்டே செல்லும். ஒரு பைட்டு கெட்டாலும் அவ்வெழுத்தளவில் கேடு நின்றுவிடும். அடுத்த தலைப்பைட்டைக் கண்டு படிப்போன் தெளிவான். திருச்சுழியல் பதிகம் கடையிற் சொன்ன தொகையை இது தலையிற் சொல்கிறது.

எம் அனுபவம் ஒன்றையும் கூறி அமைவோம். முனைவர்ப் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்த 2007இல், திருச்சுழியை அடுத்த ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவரிடம் 14 ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தோம். அருப்புக்கோட்டையில் வாடகைக்கு அமர்ந்த ஒரு பொறியில் அவற்றை ஒருங்குகுறியில் அடித்தோம். சேமிக்கும்போது, இக்கோப்பில் உள்ள சில குறிகள் இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றிற்று. நேரம் கடந்துகொண்டிருந்தமையின், படியாது ஆம் என்று அழுத்தினோம். கோப்பினை எமக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பொறியிலிருந்ததை அழித்தோம். புதிய ஒலிநாடா வாங்கப் பொருளின்மையின் அதே நாடாவில் வேறோர் ஊர்ப் பாடல்களைப் பதிந்தோம்.

மறுவாரம் திறந்தபோது ஒவ்வொரு தமிழ்க்குறியும் ஒவ்வொரு வினாக்குறியாய் இருந்தது. அடிகள் அடிகளாகவே நின்றன. பாடல்களுக்கு இட்ட 1 முதல் 14 வரையான எண்கள் வழுவின்றி நின்றன. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருந்தது. டி.சி.பி. தன் கடமையிற் சிறிதும் தவறவில்லை. அத்தனை வினாக்குறிகளுள் ஒன்றுகூடத் தொலையாமல் வந்து சேர்ந்தது. ஒருங்குகுறியில் மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பெறுதலின், பாடல்தோறும் அடிமுதலில் ஐந்து வினாக்குறி கொண்ட விளிச்சொல் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. 'அம்மா' என்பதற்கும் ஐந்து. 'அப்பா' என்பதற்கும் ஐந்து. தாய்க்கு அழுத பாட்டோ தந்தைக்கு அழுத பாட்டோ என்று அறியக்கூடவில்லை.

கைக்குறிப்பேட்டில் 9 பாடல்கள் இருந்தன. எஞ்சிய ஐந்தைத் தேடி 2009இல் மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது மூதாட்டியார் இல்லை. அவர்தம் மருமகளார் அந்த ஐந்தனுள் இரண்டினை அறிந்திருந்தார். திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து அவருக்கே படித்துக் காட்டினோம். இரண்டாம் பாட்டின் மூன்றாம் அடியில் நிறுத்தி, 'அத்தே இந்த எடத்துல வேற சொல்லும்' என்றார். சற்று நேரம் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, அச்சொல்லைத் தந்தார்.